தமயந்திக்குச் சொன்ன டீ

சாரல்மேட்டுக்கு வழி கேட்டால் எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானூற்றுப் பன்னிரண்டு படி என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் பஸ் மூச்சிரைத்து நின்றுவிடும் இடத்திலிருந்து மலையின் விலாவில் சாய்த்து வைத்த ஏணி போல மேலேறும் அந்த ஒரே கல்தெருதான் ஊர், ஏலக்காய் மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் சுமந்து இறங்கிய காலத்தில் மனிதரும் கழுதையும் நின்று மூச்சு வாங்குவதற்காகப் பத்துப் படிக்கு ஒரு டீக்கடை முளைத்து, கழுதைகள் போய், கழுதைக்காரர்களும் போய், படம் பிடிக்கவும் பஜ்ஜி தின்னவும் வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்த பிறகும் டீக்கடைகள் மட்டும் போக மனமில்லாமல் நின்றுவிட்ட ஊர். அந்த ஊரில், இருநூற்றுப் பதினோராம் படியில், குஞ்சிதத்தின் கடை மரப்பெஞ்சு ஓரத்தில், ஒரு கிளாஸ் டீ எட்டு வருஷமாக ஆறாமல் இருந்தது.

அது அங்கே இருந்ததற்குக் காரணம் கழுதைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன ஒரு பழக்கம். டீ சொல்லிவிட்டு, கட்டவிழ்த்துக்கொண்டு ஓடிய கழுதையைப் பிடிக்கப் போகிறவன் “எடுத்துறாதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த கிளாஸை யாரும் தொடக்கூடாது. அவன் வராமல் போனால் டீ ஆறி, ஏடு கட்டி, மூன்றாம் நாள் ரோஜாச் செடிக்குப் போகும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் மதுரையிலிருந்து வந்த வாலிபன் ஒருவன், கூட வந்த பெண்ணை பெஞ்சில் உட்காரவைத்து, அவளுக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, நாலு படி கீழே மிளகாய் பஜ்ஜி வாங்கப் போனான். திரும்பி வந்தபோது டீ இருந்தது, பெண் இல்லை. கீழே பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. “தமயந்தி வந்துருவா, எடுத்துறாதீங்க” என்று சொல்லிவிட்டு, பஜ்ஜிப் பொட்டலத்து எண்ணெய் சட்டையில் ஊற ஊறக் கடைசி பஸ் வரைக்கும் உட்கார்ந்திருந்து, பிறகு அவனும் இறங்கிப் போனான். மூன்றாம் நாள் கிளாஸை எடுக்கப் போன குஞ்சிதம் விரலைச் சுட்டுக்கொண்டாள்.

“அந்தத் தம்பி அவளை நெனைச்சுக்கிட்டே இருக்குது. நெனைப்பு இருக்கிற வரைக்கும் இது ஆறாது” என்றாள் குஞ்சிதம். அத்தோடு விசாரணை முடிந்தது. ஊருக்கு அதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை, நேரமும் இல்லை, ஏனென்றால் அந்தக் குளிரில் தயிர் உறையாது, உறையாத தயிரோடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கு நின்ற பெண்கள் அன்றைக்கே தங்கள் சட்டிகளைக் கொண்டுவந்து அந்த கிளாஸைச் சுற்றி வைத்துவிட்டார்கள், மறுநாள் காலையில் தயிர் கத்தியால் அறுக்கிற பதத்தில் நின்றது. டெய்லர் மஸ்தான் பாய் ஊசியில் நூல் கோக்கும் முன்னால் விறைத்த விரல்களை அங்கே காட்டிவிட்டுப் போனார். பஜ்ஜிக்கடை வீரணன், கோழி அடைகாக்க மறுத்த முட்டைகளை வைக்கோல் கூடையோடு பக்கத்தில் வைக்க, இருபத்தோராம் நாள் பொரித்த குஞ்சுகளுக்குத் தமயந்திக் குஞ்சுகள் என்றே பேராயிற்று. பிள்ளை பெற்ற பெண்களின் இடுப்புக்கு அங்கேதான் துணியைச் சுட வைத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஈர சாக்ஸ் அங்கேதான் காய்ந்தது, புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் “போய்க் கொஞ்ச நேரம் தமயந்திகிட்ட உக்காந்துட்டு வாங்க” என்று அனுப்பினார்கள். யாரோ ஒருத்தி யாரோ ஒருவனை விட்டுப் போனதில் ஒரு ஊர் குளிர் காய்ந்தது.

ஜொவிட்டாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. தூத்துக்குடி கன்னியர் மடத்துப் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் படித்தவள், ஐந்து மாதக் குழந்தைக்காரி, குழந்தை அழுதால் என்னவோ என்று பயப்படுகிறவள், அழாவிட்டால் அதைவிடப் பயந்து மூக்கருகே விரல் வைத்து மூச்சு பார்க்கிறவள், இந்த ஐந்து மாதத்தில் மதுரை வீட்டின் வாசற்படியை நாலே தடவை, அதுவும் தடுப்பூசிக்காகத் தாண்டியவள். பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் கணவன் கிளாட்வின்தான் கிறிஸ்துமஸ் லீவில் அவளை இழுத்து வந்தான். “இப்படியே உள்ளயே கெடந்தா பாப்பா பூஞ்சை புடிச்சுப் போயிரும் ஜொவி. ஆபீஸ்ல எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்க. டீயும் பஜ்ஜியும் அப்படி இருக்குமாம்.”

இருநூறாவது படியில் மழை பிடித்துக்கொண்டது. குழந்தை பாலுக்கு அழுதது. இருவரும் தலைக்கு மேல் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்த குஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தாள், பார்த்த கண்ணை எடுக்காமல் கையிலிருந்த இரண்டு குவளைகளையும் கீழே வைத்தாள்.

“வந்துட்டியா தம்பி! ஏ வீரணா! பாய்! ஓடியாங்க! தமயந்தியைக் கூட்டிட்டே வந்துருச்சு!”

ஜொவிட்டா, தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் மழை மட்டும்தான் இருந்தது. பிறகு கணவனின் முகத்தைப் பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியாத முகம், பிறகு எங்கேயோ இடறிய முகம், பிறகு காது மடல் வரைக்கும் சிவந்த முகம். அடுப்பில் வைத்த பால் பொங்கி வருவதைப் பார்க்கிற மாதிரி ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் அதைப் பார்த்தாள்.

“இல்லீங்கக்கா, இவங்க வந்து...” என்று கிளாட்வின் வாயைத் திறந்தான்.

“உக்காரு தாயி” என்று குஞ்சிதம் ஜொவிட்டாவின் தோளைப் பிடித்து பெஞ்சில் அமர்த்தினாள். “அதே பெஞ்சு. ஞாபகம் இருக்கா?”

இல்லை என்று சொன்னால் இவர்கள் எல்லாரும் ஐயோ பாவம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள், இருக்கிறது என்று சொன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுத்துப்பிழையைக்கூடப் பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்லி வளர்ந்தவள், குழந்தையை மாரோடு அணைத்து முந்தானையால் மூடிக்கொண்டு, “ஞாபகம் இருக்கு” என்றாள்.

கொட்டினார்கள். வீரணன் ஒரு தட்டு நிறைய பஜ்ஜியோடு வந்து நின்று சொன்னான், மஸ்தான் பாய் அளவு நாடா கழுத்தில் தொங்க நின்று சொன்னார், தயிர்ச்சட்டிப் பெண்கள் வாசலில் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு சொன்னார்கள். ஆறாத டீயை அவளுக்குக் காட்டினார்கள். சுற்றிலும் சட்டிகளும் முட்டைக் கூடையும் சாக்ஸுமாக, கைக்குழந்தை வைத்திருக்கிறவளைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

“அன்னிக்கு ஏந்தாயி அப்படிச் சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போயிட்ட?” என்றான் வீரணன்.

“தலைவலி.”

“தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டிருக்கலாமேம்மா. இந்தப் பிள்ளை எங்க கண்ணு முன்னால காஞ்சு போயிருச்சு” என்றார் மஸ்தான் பாய். எல்லோரும் சிரித்தார்கள். கிளாட்வின் சிரிக்கவில்லை.

“அன்னிக்கு நான் என்ன கட்டியிருந்தேன், சொல்லுங்க பாப்போம்” என்றாள் ஜொவிட்டா.

“மறக்குமா? மயில்கழுத்துக் கலர் சேலை. ஒல்லியா, கழுத்து இம்புட்டு நீளம், கொக்கு கணக்கா உக்காந்திருந்த.” குஞ்சிதம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “இப்பப் பூசினாப்புல ஆயிட்ட. கழுத்தே காணோம். பிள்ளை பெத்தா அப்படித்தான் தாயி, விடு.”

ஜொவிட்டா தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். மூன்று வருஷம் குடும்பம் நடத்தியதில் கிளாட்வின் அவளுக்கு மயில்கழுத்துக் கலரில் ஒரு கைக்குட்டைகூட எடுத்துத் தந்ததில்லை. ஏன் தரவில்லை? அந்தக் கலர் ஏற்கெனவே ஒருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது, அதனால்தானே?

அப்புறம் ஊர் தன் குறையை எடுத்து வைத்தது. முதல் அஞ்சு வருஷம் துணி இல்லாமல் அந்த கிளாஸைத் தொட முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம் தொட்டுப் பார்த்தால் சூடு பாதிதான். போன ஆடியிலிருந்து வெறும் வெதுவெதுப்பு. முட்டை கூமுட்டையாகிறது, தயிர் இரண்டு நாள் எடுக்கிறது, மஸ்தான் பாய் ஊசியைக் கீழே போட்டுப் போட்டுத் தேடுகிறார்.

“இப்பத்தான் வெளங்குது” என்றாள் குஞ்சிதம். “தை மாசம் கட்டிக்கிட்டீங்களா?”

“ஆமா” என்றாள் ஜொவிட்டா.

“ஆடியில பாப்பா?”

“ஆமா.”

“அதான! பக்கத்துலயே இருக்கிறவளை எதுக்குத் தம்பி நெனைக்கும்? தூரத்துல இருந்தாத்தான நெனைப்பு.” குஞ்சிதம் குரலைத் தாழ்த்தினாள். “நான் கேக்கேன்னு தப்பா எடுத்துக்காத. வருஷத்துல ஒரு மூணு மாசம் அம்மா வீட்டுக்குப் போய் இருந்துட்டு வாயேன். ஊருக்கே புண்ணியம்.”

“அம்புட்டுக்கூட வேணாம். மாசத்துல ஒரு சண்டை போட்டாப் போதும்” என்றான் வீரணன்.

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்தக் கணக்கைக் கேட்டதும் அங்கேயே எழுந்து கணவனைக் கட்டிக்கொண்டிருப்பாள். தை மாதம் அவள் கழுத்தில் தாலி ஏறியதும் பாதி ஆறிய டீ, ஆடியில் குழந்தை பிறந்ததும் முக்கால்வாசி ஆறிய டீ, கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிற்கிற மாதிரி அவள் முன்னால் நின்றது. ஆனால் பொறாமைக்குக் கணக்கு வேறு. ஐந்து வருஷம் கொதித்திருக்கிறதே என்று அது கூட்டியது. எனக்காக இவர் ஐந்து நிமிஷம் எங்கேயாவது காத்திருந்திருக்கிறாரா என்று கழித்தது. கல்யாணத்தன்று, பூசையில் மோதிரம் மாற்றியபோது, இந்தப் படியில் இதில் பாதிச் சூடு இருந்ததுதானே, முழுக்க ஆறியிருக்கவில்லையே என்று மீதியை எடுத்து வைத்தது.

“ஜொவி” என்று கிளாட்வின் அவள் காதருகே குனிந்தான். “சத்தியமா எனக்கு இந்தக் கடையே ஞாபகம் இல்ல. இங்க வர்ற வரைக்கும் அந்தப் பேருகூட நெனைவில்ல.”

“அப்ப இது ஏன் இன்னும் வெதுவெதுன்னு இருக்கு?”

பதிலைச் செய்துகாட்ட நினைத்தவனைப் போல அவன், “இப்பவே குடிச்சு முடிச்சிடறேன்” என்று கிளாஸை நோக்கிக் கை நீட்டினான். வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். மஸ்தான் பாய் “தம்பி, தம்பி” என்றார்.

ஜொவிட்டா அவன் கையைத் தட்டிவிட்டாள். “வேணாம். உள்ள போனா அது எங்க போய்த் தங்கும்னு எனக்குத் தெரியும்.”

தட்டிய வேகத்தில் அவள் விரல் கிளாஸில் பட்டது. பட்ட அந்த நொடியில் அவள் மனசில் ஒரு கழுத்து இருந்தது, கொக்கின் கழுத்து, அதன் கீழே மயில்கழுத்துக் கலர். டீயிலிருந்து ஒரு இழை ஆவி எழுந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. அந்தத் தமயந்தி எப்படிச் சிரிப்பாள், இவரை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்தாள். ஆவி கயிறாகத் திரண்டு கூரையைத் தொட்டது. பயந்துபோய்ப் பாப்பாவின் அடுத்த தடுப்பூசித் தேதியை நினைத்தாள், ஆவி அடங்கியது. திரும்பவும் தமயந்தியை நினைத்தாள், டீ குமிழ் விட்டது.

“பாருங்க, பாருங்க! சேந்து வந்ததும் எப்படிப் பொங்குது!” என்று கத்தினான் வீரணன். குலவை போட்டார்கள். குஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் நெற்றியில் அடுப்புக்கரியால் பொட்டு வைத்தாள். இறங்கும்போது ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒரு பொட்டலம், பணியாரம், சுட்ட சோளம், சுக்கு மிட்டாய், எல்லாம் தமயந்திக்கு. தமயந்தியின் பேரைச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஜொவிட்டா இருநூற்றுப் பதினோரு படிகளையும் இறங்கினாள். போவதற்கு முன்னால், அவளாகவே தன் போன் நம்பரைக் குஞ்சிதத்திடம் எழுதிக் கொடுத்திருந்தாள்.

மதுரையில் வாழ்க்கை பழையபடி நடந்தது. கிளாட்வின் வேலைக்குப் போனான், வந்தான், குழந்தையைக் குளிப்பாட்டினான், குழந்தைக்குப் புரியாத பம்ப்செட் விஷயங்களை அதனிடம் சொன்னான். ஒருநாள் மத்தியானம் சோற்றில் மீன்குழம்பை ஊற்றியபடி ஜொவிட்டா சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்: “தமயந்திக்கு மீன் புடிக்குமோ?”

“எந்தத் தமயந்தி?” என்றான் அவன், முள்ளை எடுத்துக்கொண்டே.

அவ்வளவு சுத்தமாக ஒருவனால் மறக்க முடியாது, அவ்வளவு சுத்தமாக நடிக்கத்தான் முடியும் என்று அவள் முடிவு செய்தாள். அன்று சாயங்காலம் குஞ்சிதம் போன் செய்தாள். “தாயி, இன்னிக்கு மத்தியானம் பாத்து அப்படி ஒரு கொதி! மேல ஒரு குண்டானை வச்சு அரிசியே வடிச்சுட்டோம். தம்பி உம்மேல உசிரையே வச்சிருக்கு.”

வாரம் ஒரு போன் வந்தது. முப்பது முட்டை வைத்ததில் முப்பதும் பொரித்தது. மஸ்தான் பாய் வாரத்துக்கு ஆறு சட்டை கூடுதலாகத் தைக்கிறார். மாசியில் ஒருநாள் கிளாஸ் சூடு தாங்காமல் நெட்டுக்கு விரிந்து இரண்டாகப் பிளந்துவிட்டது, ஆனால் டீ ஒரு சொட்டு சிந்தவில்லை, கிளாஸ் இருந்த வடிவத்திலேயே தன்பாட்டுக்கு நிற்கிறது, ஈ மொய்க்காமல் இருக்க மேலே ஒரு தட்டை மூடியிருக்கிறோம், நீ ஒண்ணும் கவலைப்படாதே.

ஜொவிட்டாவுக்குத் தூக்கம் போயிற்று, பால் குறைந்தது, கண்ணாடியில் கழுத்தைப் பார்க்கும் பழக்கம் வந்தது. தலையான பாவங்கள் ஏழும் அவளுக்கு மனப்பாடம். சிஸ்டர் ரெமிஜியா பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது. அதில் பொறாமைக்குச் சொல்லும் காய்மகாரம் வரும்போது சிஸ்டர் பிரம்பை நிறுத்திவிட்டு, “மற்ற ஆறிலேயும் அனுபவிக்க ஏதாவது ருசி உண்டு பிள்ளைகளே, இதிலே அதுவும் கிடையாது” என்பார். ஈஸ்டருக்கு முன்னால், பிடித்ததில் ஒன்றை விட்டுவிடுகிற தபசு காலம் வந்தபோது இந்த வருஷம் மீனை விடுவதற்குப் பதிலாகத் தமயந்தியை விடுவது என்று நேர்ந்துகொண்டாள். முதல் வெள்ளிக்கிழமை ஜெபமாலையை எடுத்து உட்கார்ந்தாள். ஐம்பத்து மூன்று மணியிலும் தமயந்திதான் இருந்தாள், ஒவ்வொரு மணியிலும் ஒவ்வொரு சேலையில். அந்த வெள்ளிக்கிழமை சாரல்மேட்டில் பனியே இறங்கவில்லையாம், பெஞ்சைச் சுற்றி முப்பது படி தூரத்துக்குத் தெருக்கல் காய்ந்து கிடந்ததாம்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குஞ்சிதம் கூப்பிட்டாள்.

“நேத்து ஒரு வேடிக்கை தாயி. வெளியூர் அம்மா ஒண்ணு வந்துச்சு. குண்டா, கண்ணுக்குக் கீழ கருவளையம், இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. புருஷங்காரன் படியேற முடியாதுன்னு பஸ்லயே உக்காந்துட்டானாம். இதென்ன டீ இப்படி நிக்குதுன்னு கேட்டுச்சு. உங்க கதையைச் சொன்னேன். தம்பி பஜ்ஜி வாங்கப் போனது, நீ பஸ் ஏறிப் போனது, எல்லாம். ‘அப்புறம் அவரு வந்தாரா’ன்னுச்சு. வந்தாரே, அந்தப் பொண்ணையே கட்டிக்கிட்டு, ரோசாப்பூ கணக்கா ஒரு பிள்ளையோட வந்தாருன்னேன். அவ்வளவுதான், பொலபொலன்னு கண்ணுல தண்ணி. ‘என்னைய ஒரு பொழுது யாரும் நெனைச்சதில்லக்கா, அவ கொடுத்து வச்சவ, அவளை எனக்குப் பாக்கணும்போல இருக்கு’ன்னு பெஞ்சைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. உம்மேல அம்புட்டுப் பொறாமை தாயி! போறப்ப டீயில ஒரு விரலை வச்சுப் பாத்து, நல்லா சுட்டுக்கிச்சு. பேரைக் கேட்டா, உன் பேருதான். தமயந்தியாம்.”

இத்தனை நாளும் ஜொவிட்டாவின் நினைப்பில் உட்கார்ந்திருந்தவளுக்கு விரல் இருந்ததில்லை. கழுத்தும் சேலையும் மட்டும்தான் இருந்தது.

“ரொம்பச் சுட்டிருச்சா?” என்று கேட்டாள்.

“கொப்பளிச்சுப் போச்சு. தண்ணியில முக்கி விட்டேன். பிள்ளையைத் தூக்க முடியாம இறங்கிப் போச்சு, பாவம்.”

“அக்கா. நான் தமயந்தி இல்லக்கா. எம்பேரு ஜொவிட்டா. நேத்து வந்தவங்கதான் தமயந்தி.”

அந்தப் பக்கம் டீ ஆற்றுகிற சத்தம் நின்றது. பிறகு குஞ்சிதம் வாய்விட்டுச் சிரித்தாள்.

“வெளையாடாத தாயி. நீ தமயந்தி இல்லேன்னா, இத்தனை நாளா இது யாரை நெனைச்சு இப்படிக் கொதிக்குது? சரி சரி, கடையில ஆள் நிக்குது. தம்பியைக் கேட்டேன்னு சொல்லு.”

போனை வைத்துவிட்டு ஜொவிட்டா கொல்லைப்பக்கம் வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஷிப்டுக்குப் போக இன்னும் நேரமிருந்த கிளாட்வின், ஒரு தோளில் தூங்கும் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் மட்டும் குழந்தையின் துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தான், ஒற்றைக் கையால் கிளிப் போட வராமல் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, எச்சில் வடிய நின்றான். அவளைப் பார்த்ததும் பல்லிடுக்கில் ஏதோ சொன்னான், ஒரு எழுத்தும் புரியவில்லை. அவள் போய் அவன் வாயிலிருந்து கிளிப்பை எடுத்து, ஈரத்துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வாளியில் கிடந்த துணி முழுவதையும் உலர்த்தி முடித்தார்கள், முடித்த பிறகும் நிழலுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள், மத்தியானம் போயிற்று, ஷிப்டும் போயிற்று, அன்று சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு வேறு யாருடைய ஞாபகமும் வரவில்லை.

அன்று ஒரு நாள் சாரல்மேட்டில் தயிர் உறையவில்லை. மறுநாள் உறைந்தது.